பழைய கடனும் புதிய வீடும்



நகரங்களில் குடியேறி வாழும் நமது குடும்பங்களுக்குச் சொந்த வீடு என்பது வெறும் சுவரும் கூரையும் அன்று. பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்காரர் வாடகையை உயர்த்துவாரோ, காலி செய்யச் சொல்வாரோ என்ற அச்சமின்றிப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் படிக்கவைக்கும் நிம்மதி அது. அதற்காக ஊரிலுள்ள நிலத்தை விற்கிறோம். நகையை அடகு வைக்கிறோம். ஆண்டுக்கணக்கில் சீட்டுக் கட்டுகிறோம். இவ்வளவும் செய்து முன்பணம் சேர்ந்த பின்னரும், வங்கியின் மேசையில் ஒரு காகிதம் குறுக்கே நிற்கக்கூடும். என்றோ வாங்கி, பாதியில் விட்டு, மறந்தேபோன ஒரு கடனின் பதிவு அது. இம்மாதம் இப்பகுதியில் அதைக் குறித்து எழுதுகிறேன்.

மும்பையின் புறநகர் ஒன்றில் வாழும் ஒரு குடும்பத்தாரின் அனுமதியோடு, அவர்களை அடையாளம் காட்டாமல், நடந்ததைச் சொல்கிறேன். கணவர் ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் வேலை செய்தவர். மனைவி தனியார் மருத்துவமனையில் செவிலியர். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் கணவரின் அலுவலகம் மூடப்பட்டது. சம்பளம் நின்றுபோன அம்மாதங்களில் வாடகைக்கும் மளிகைக்கும் திருநெல்வேலிக்குத் திரும்பிய பயணத்துக்குமாகக் கிரெடிட் கார்டில் ரூ.48,000 செலவாயிற்று. அதை அவரால் கட்ட இயலவில்லை. மறு ஆண்டு மும்பைக்குத் திரும்பியபோது கைப்பேசி எண்ணை மாற்றிவிட்டார். வசூல் செய்வோரின் அழைப்புகள் நின்றன. "வங்கி அதையெல்லாம் தள்ளுபடி செய்திருக்கும்" என்று நண்பர் ஒருவர் சொன்னதை நம்பி, மனைவியிடமும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பத்லாபூரில் ரூ.38 லட்சத்துக்கு ஒரு வீடு அமைந்தது. விற்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்து, 45 நாள் தவணை பெற்றார்கள். ரூ.30 லட்சம் கடனுக்கு இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தார்கள். பத்தாம் நாள் வங்கி அதிகாரி கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். பழைய கார்டின் எதிரே "ரிட்டன் ஆஃப்" என்றிருந்தது. நிலுவைத் தொகை ரூ.1,26,000. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

அன்று மாலை இருவரும் என்னிடம் வந்தார்கள். அந்தச் சகோதரி சொன்னது இதுதான்: "பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், பாஸ்டர். இத்தனை வருஷம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே." சகோதரர் தலை குனிந்தபடியே இருந்தார்.

இக்குடும்பம் தனித்ததோர் உதாரணம் அன்று. ஊரடங்குக் காலத்தில் தவணை தவறிய பல வீடுகளில் இதே காகிதம் காத்திருக்கிறது. ஆகவே, அவர்களோடு அமர்ந்து நாங்கள் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

"தள்ளுபடி" என்னும் சொல்

நமது மக்களை ஏமாற்றும் முதல் காரியம் இந்தச் சொல்லே. அரசு விவசாயக் கடனைத் தள்ளுபடி செய்கிறது என்று செய்தியில் கேட்கிறோம். அங்கே கடன் வாங்கியவர் விடுவிக்கப்படுகிறார். அவர் பங்கை அரசு ஏற்றுக்கொள்கிறது. வங்கி "ரிட்டன் ஆஃப்" என்று எழுதுவதையும் நாளேடுகள் சில வேளைகளில் அதே சொல்லால் குறிக்கின்றன. ஆனால் இரண்டும் வெவ்வேறு.

தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக்கடன் ஆகிறது. வாராக்கடனுக்காக வங்கி தன் இலாபத்திலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி வைத்து, பின்னர் அக்கடனைத் தன் சொத்துக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. இது வங்கி தன் புத்தகத்தைச் சீர்செய்துகொள்ளும் முறையேயன்றி, கடனாளிக்கு அளிக்கும் மன்னிப்பு அன்று. வசூலிக்கும் உரிமை அப்படியே இருக்கிறது. அவ்வுரிமையைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு விற்கவும் வங்கியால் இயலும். கணக்கை விட்டு நீக்கினார்கள், கடனை நீக்கவில்லை. இவ்வேறுபாட்டை அறியாததால்தான் அழைப்பு நின்றதைக் கடன் தீர்ந்ததாக நாம் எண்ணிக்கொள்கிறோம்.

நிலுவை வளரும் வேகத்தையும் அறிந்திருக்கவேண்டும். கிரெடிட் கார்டு வட்டி பெரும்பாலும் மாதத்துக்கு 3 முதல் 3.75 சதவீதம் வரை இருக்கிறது. 3.5 சதவீதம் என்று கொண்டால் ரூ.48,000 ஓராண்டில் ஏறத்தாழ ரூ.72,500 ஆகிறது, இரண்டாண்டில் ரூ.1,09,000-ஐத் தாண்டுகிறது. தாமதக் கட்டணமும் வரியும் இதற்குமேல்.

பதிவேட்டை யார் வைத்திருக்கிறார்கள்?

இந்தியாவில் கடன் தகவல் திரட்டும் முதல் நிறுவனமான சிபில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் இத்தொழிலை ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் வைத்தது. டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன. "சிபில் பார்க்கிறார்கள்" என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், வங்கி இந்நான்கில் எதையும் பார்க்கக்கூடும்.

மதிப்பெண் 300 முதல் 900 வரை. 750-க்கு மேல் இருப்பதை வங்கிகள் பெரும்பாலும் விரும்புகின்றன. ஆயினும் மதிப்பெண்ணைவிட, அதன் கீழே ஒவ்வொரு கணக்கின் எதிரே எழுதப்பட்டுள்ள நிலையே வீட்டுக்கடன் அதிகாரியின் கண்ணில் முதலில் படுகிறது. "முடிக்கப்பட்டது" என்ற பொருள்படும் "குளோஸ்ட்", பேரம் பேசிக் குறைத்துத் தீர்த்ததைச் சொல்லும் "செட்டில்ட்", வராதென நீக்கியதைச் சொல்லும் "ரிட்டன் ஆஃப்" என்னும் மூன்று சொற்களையும் நினைவில் வையுங்கள். முதலாவது நல்லது. இரண்டாவது, கடன் கொடுத்தவர் ஒரு பகுதியை இழந்தார் என்று பொருள்படும். மூன்றாவது, இன்னும் திறந்தே கிடக்கும் கதவு.

வரிசை தவறாமல் செய்யவேண்டியவை

1. முதலில் அறிக்கையைப் பாருங்கள். 2017-ஆம் ஆண்டு முதல் இந்நான்கு நிறுவனங்களும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பெண்ணுடன் கூடிய முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. அவரவர் இணையதளத்தில் பான் எண்ணைக் கொடுத்துப் பெறலாம். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. ஆனால் நாம் விண்ணப்பிக்கும் ஒவ்வொரு வங்கியும் பார்ப்பது பதிவாகிறது. ஒரு வங்கி மறுத்தவுடன் பதற்றத்தில் அடுத்தடுத்து ஐந்து வங்கிகளுக்கு ஓடுவது நமக்கே கேடாக முடியும். வீடு தேடத் தொடங்கும் முன்னரே, கணவனும் மனைவியும் இருவருடைய அறிக்கைகளையும் எடுத்துச் சேர்ந்து வாசிக்கவேண்டும்.

2. அது நமது கடன்தானா என்று சரிபாருங்கள். தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஊரில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு வாழ்ந்தவர்கள் நாம். வடக்கே வந்தபின் குடும்பப் பெயர் கேட்கிறார்கள். ஆதாரில் ஒரு விதமாகவும் பான் அட்டையில் வேறு விதமாகவும் வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதமாகவும் பெயர் நிற்கிறது. நமது பெயர்கள் பலருக்கும் பொதுவானவை. ஆகையால் மற்றொருவருடைய கடன் நம் பதிவில் ஏறிவிடவும் கூடும். அவ்விதம் இருந்தால் அந்நிறுவனத்தின் இணையதளத்திலேயே ஆட்சேபம் தெரிவிக்கலாம். 30 நாட்களுக்குள் அது தீர்க்கப்படவேண்டும். தாமதித்தால் நாள் ஒன்றுக்கு ரூ.100 வீதம் இழப்பீடு தரவேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது.

3. கடன் இப்போது யார் கையில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் அழைப்பவர் சொல்வதை வைத்துப் பணம் கட்டலாகாது. கார்டு கொடுத்த வங்கிக்கே கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, "இக்கணக்கு உங்களிடமே உள்ளதா, வேறு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டுள்ளதா, இன்றைய நிலுவை எவ்வளவு, அதில் அசல் எவ்வளவு, வட்டியும் கட்டணமும் எவ்வளவு?" என்று கேட்கவேண்டும். தனிநபர் பெயரிலுள்ள கணக்குக்கோ கைப்பேசி எண்ணுக்கோ ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

4. பணம் கட்டும் முன் கடிதம் வாங்குங்கள். "இத்தொகையைச் செலுத்தினால் கணக்கு முழுமையாக முடிக்கப்பட்டதாகக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அறிவிப்போம்" என்ற வாசகம் நிறுவனத்தின் தாளில் இருக்கவேண்டும். வாய்ச்சொல் பின்னாளில் உதவாது.

5. கட்டியபின் நிலுவையின்மைச் சான்றிதழ் பெற்று, வீட்டுப் பத்திரம்போல் பாதுகாத்து வையுங்கள். முப்பது நாற்பது நாட்கள் கழித்து அறிக்கையை மீண்டும் எடுத்து, நிலை மாறியுள்ளதா என்று பாருங்கள். மாறவில்லையெனில் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாட்களில் பதிலோ பரிகாரமோ கிடைக்காவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

6. அதன்பின்னரே புதிய விண்ணப்பம். கிளை மேலாளரை முதலில் நேரில் கண்டு, அறிக்கையையும் சான்றிதழையும் வைத்து, வேலை இழந்த காலத்தையும் மீண்ட காலத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். பழைய தவறல்களின் வரலாறு, கடன் தீர்ந்தபின்னும் சில ஆண்டுகள் பதிவில் நிற்கும். ஆயினும், தானாக முன்வந்து தீர்த்த கடனையும் தேடிப் பிடிக்கப்பட்ட கடனையும் அதிகாரி ஒன்றாகப் பார்ப்பதில்லை.

ரூ.55,000-ஆ, ரூ.1,12,000-ஆ?

அக்குடும்பத்துக்கு வந்த சோதனை இங்கேதான். வங்கியின் சார்பில் பேசிய வசூலாளர், "ஒரே தடவையில் ரூ.55,000 கட்டுங்கள், விட்டுவிடுகிறோம்" என்றார். சகோதரர் உடனே சம்மதிக்க இருந்தார். ரூ.71,000 மிச்சமல்லவா? மேலும் வீட்டுக்காரர் கொடுத்த 45 நாளில் பாதி கழிந்திருந்தது.

நாங்கள் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். குறைத்துத் தீர்த்தால் "செட்டில்ட்" என்று பதிவாகும். அப்பதிவோடு வீட்டுக்கடன் கேட்டால் பல வங்கிகள் தயங்கும். கொடுக்க முன்வரும் நிறுவனமும் கூடுதல் வட்டி கேட்கும். ரூ.30 லட்சத்தை 20 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துவதாகக் கொள்வோம். வட்டி 8.5 சதவீதமானால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.26,035. 10 சதவீதமானால் ரூ.28,950. மாதத்துக்கு ரூ.2,915 வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். 240 மாதங்களில் அது ஏறக்குறைய ஏழு லட்சம் ரூபாய். எழுபதாயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஏழு லட்சத்தை இழப்பது எவ்விதத்தில் சிக்கனமாகும்?

அவர்கள் வங்கிக்கு எழுதினார்கள். வேலை இழந்த சான்றுகளை இணைத்து, தாமதக் கட்டணத்தை மட்டும் குறைக்கும்படியும், மீதியை முழுமையாகச் செலுத்துவதாகவும் கேட்டார்கள். முதல் கடிதத்துக்கு மறுப்பு வந்தது. இரண்டாவது கடிதத்துக்குப் பின் ரூ.14,000 கட்டணம் நீக்கப்பட்டு, ரூ.1,12,000 முழு நிலுவையென எழுத்தில் வந்தது. அதைக் கட்டினார்கள்.

எல்லாருக்கும் இது இயலாது என்பதை அறிவேன். முழுவதும் கட்ட வழியில்லாதவர் குறைத்துத் தீர்ப்பது குற்றமன்று. திறந்த கதவாக விடுவதைவிட அது எவ்வளவோ நலம். பின்னாளில் கையில் பணம் வரும்போது, விட்டுக்கொடுக்கப்பட்ட மீதியையும் செலுத்தி நிலையை மாற்ற இயலுமா என்று அந்நிறுவனத்தைக் கேட்கலாம். பிள்ளைகளின் உணவையும் பள்ளிக் கட்டணத்தையும் நிறுத்தி ஒரே நாளில் கடனைத் தீர்க்கும்படி நான் ஒருவருக்கும் ஆலோசனை கூறமாட்டேன்.

காலாவதியான கடனைக் கொடுக்கவேண்டுமா?

இக்கேள்வியைப் பலர் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, இத்தகைய கடனுக்கு வழக்குத் தொடரும் காலம் பொதுவாக மூன்று ஆண்டுகள். பெருந்தொற்றுக் காலமான 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையுள்ள நாட்களை அதில் சேர்க்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் ஆணையிட்டது. எனவே 2020-இல் தவறிய கடன் 2023-இல் காலாவதியாகிவிட்டது என்று விரலை மடக்கி எண்ணியவர்களின் கணக்குத் தவறு. மேலும், காலம் முடியும் முன்னர் நாம் கையொப்பமிட்டுக் கடனை ஒப்புக்கொண்டால் மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். ஒரு பகுதியைச் செலுத்தி அதற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தாலும் அவ்விதமே. காலம் முடிந்தபின் தருவதாக எழுதிக் கொடுத்தாலும் அவ்வாக்குறுதி சட்டப்படி செல்லும். ஆகவே வசூலாளர் நீட்டும் எந்தத் தாளிலும் வாசிக்காமல் கையொப்பமிடாதீர்கள். ஐயமிருந்தால் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

இது சட்டத்தின் காரியம். மனச்சாட்சியின் காரியம் வேறு. காலவரையறை நீதிமன்றத்தின் கதவை மூடுகிறது. கொடுத்தவரிடம் வாங்கினோம் என்ற உண்மையை அது மூடுவதில்லை. கடன் பதிவேடும் அதைக் கேட்பதில்லை. காலாவதியான கடனும் "ரிட்டன் ஆஃப்" என்றே நிற்கும். ஆகையால் வீடு வாங்க விரும்புகிறவருக்கு, இவ்விடத்தில் மனச்சாட்சி காட்டும் வழியும் நடைமுறை காட்டும் வழியும் ஒன்றே.

எலிசாவிடம் முறையிட்ட விதவையை நினைத்துப் பாருங்கள். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு குமாரரையும் அடிமைகளாக்க வந்து நின்றான். தீர்க்கதரிசி அவளைக் கடிந்துகொள்ளவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்றே கேட்டார். எண்ணெய் பெருகியபின் அவர் காட்டிய வரிசையைக் கவனியுங்கள்: விற்பது, கடனைத் தீர்ப்பது, மீதியைக்கொண்டு பிழைப்பது. அற்புதம் நடந்த வீட்டிலும் கடன் தீர்க்கப்பட்டே ஆகவேண்டியிருந்தது. அத்தம்பதியரிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டேன்: வீட்டில் என்ன இருக்கிறது? விற்பவரிடமிருந்து திரும்பிய முன்பணம், முடியும் நிலையிலிருந்த ஒரு சீட்டு, சகோதரியின் சிறிய சேமிப்பு ஆகியவை தாளில் ஏறின. போதுமானதாயிருந்தது.

மிரட்டுகிறவர்களுக்கு அஞ்சவேண்டாம்

கடன் வாங்கியவர் மரியாதையை இழந்தவர் அல்லர். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் ஆணையிட்டது. மிரட்டுவதும், பலர் முன்னிலையில் அவமதிப்பதும், உறவினரையும் நண்பரையும் தொல்லைப்படுத்துவதும் தடை செய்யப்பட்டுள்ளன. அழைப்பு வந்த நாள், நேரம், பேசிய வார்த்தைகள் ஆகியவற்றைக் குறித்து வைத்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

"நாளை போலீஸ் வரும்" என்று சொல்லி நமது பெண்களைப் பயமுறுத்துவது வழக்கம். கடனைக் கட்ட இயலாமை உரிமையியல் வழக்கு மட்டுமே. அதற்காகக் கைது இல்லை. ஆனால் காசோலை கொடுத்து அது பணமின்றித் திரும்பினால், செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி அது குற்ற வழக்காகும். ஆகவே கணக்கில் பணமில்லாமல் பின்தேதியிட்ட காசோலை எழுதிக் கொடுத்துத் தப்ப முயலாதீர்கள்.

அதுபோலவே, "சிபிலைச் சுத்தம் செய்து தருகிறோம்" என்று பதினைந்தாயிரம், இருபதாயிரம் கேட்கிறவர்களிடமும் எச்சரிக்கை தேவை. தவறான பதிவைத் திருத்த ஒரு ரூபாயும் செலவில்லை. உண்மையான பதிவை அழிக்க ஒருவராலும் முடியாது. இவ்விரண்டுக்கும் இடையில் அவர்கள் விற்பதற்கு ஒன்றுமில்லை.

மனைவி பெயரில் மட்டும் விண்ணப்பித்தால் என்ன என்றும் சிலர் கேட்கிறார்கள். அவருடைய வருமானம் மட்டுமே போதுமானால் அதில் தவறில்லை. விண்ணப்பத்தில் கேட்டதற்கு மாறாக எழுதுவதும், மறைப்பதும், வேறொருவர் சம்பளச் சீட்டை வைப்பதும்தான் தவறு. இருபது ஆண்டுகள் வாழவேண்டிய வீட்டை ஒரு பொய்யின்மேல் கட்டாதீர்கள்.

முன்பணம் கொடுக்கும் முன்

இக்குடும்பத்துக்கு நேர்ந்த நஷ்டம் ஒன்றைத் தவிர்த்திருக்கலாம். "வங்கிக் கடன் கிடைக்காவிடில் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்ற ஒரு வரி அவர்கள் எழுதிக்கொண்ட தாளில் இல்லை. விற்பவர் நல்ல மனதோடு ரூ.75,000 திருப்பிக் கொடுத்தார், ரூ.25,000 போயிற்று. முதலில் அறிக்கை, பின்னர் வங்கியின் முன் ஒப்புதல், அதன்பின் முன்பணம் என்ற வரிசையை நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம்.

வீட்டின் விலை முழுவதையும் வங்கி கொடாது என்பதும் நினைவிருக்கட்டும். ரூ.30 லட்சம் வரையுள்ள கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரையும், அதற்குமேல் ரூ.75 லட்சம் வரையுள்ள கடனுக்கு 80 சதவீதம் வரையுமே கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி வகுத்த எல்லை. பத்திரப் பதிவுச் செலவு பொதுவாக நம் கையிலிருந்தே வரவேண்டும்.

சபையாருக்கு ஒரு வார்த்தை

நமது சபைகளில் ஒருவருக்காக ஒருவர் ஜாமீன் கையொப்பமிடும் பழக்கம் உண்டு. அன்பினால் செய்கிறோம். ஆனால் அக்கடன் நமது அறிக்கையிலும் ஏறுகிறது. அவர் தவணை தவறினால் நமது வீட்டுக்கடனும் தடைப்படும். வேதத்தின் நீதிமொழிகள் பிணைப்படுதலைக் குறித்துப் பலமுறை எச்சரிப்பதை நாம் அறிவோம். கையொப்பமிடும் முன் கணவனும் மனைவியும் கலந்து பேசி, அப்பணம் நம்மாலேயே கட்ட நேர்ந்தாலும் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாங்காதெனில், இயன்ற சிறு தொகையை உதவியாகக் கொடுத்துவிடுவதே நலம்.

இன்னொன்று. வீடு வாங்கியவர் சாட்சி சொல்லும்போது மகிழ்கிறோம், அது தகும். ஆனால் கடனில் இருப்பவர் அந்த ஆராதனையில் எங்கே அமர்ந்திருக்கிறார் என்றும் பார்க்கவேண்டும். தன் நிலை தெரிந்தால் விசுவாசக் குறைவு என்பார்களோ என்று அஞ்சுகிறவர் மனைவியிடமும் சொல்லமாட்டார். அந்தச் சகோதரர் கைப்பேசி எண்ணை மாற்றியது வங்கிக்கு அஞ்சி மட்டுமன்று, நமக்கும் அஞ்சியே. 2020-இல் வேலை இழந்தது அவருடைய பாவம் அன்று. அதை வாய்விட்டுச் சொல்ல இடமிருந்திருந்தால், ரூ.48,000-ஆக இருக்கும்போதே தீர்ந்திருக்கும்.

மனைவியரே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். உண்மை வெளிவரும் நாளில் உங்கள் கோபம் நியாயமானதே. அச்சகோதரியும் சில நாட்கள் கணவரோடு பேசவில்லை. பின்பு ஒரு சனிக்கிழமை இரவு, வீட்டிலுள்ள எல்லாக் காகிதங்களையும் தரையில் பரப்பிவைத்து, "வேறு ஏதாவது இருக்கிறதா? இன்றைக்கே சொல்லிவிடுங்கள்" என்றாராம். நண்பர் ஒருவரிடம் வாங்கிய ரூ.6,000 இருந்தது. அதையும் தாளில் எழுதினார்கள். அந்த இரவுக்குப் பின்னரே கடிதங்கள் எழுதத் தொடங்கினார்கள்.

பத்லாபூர் வீடு கைவிட்டுப் போயிற்று. கார்டுக் கணக்கு "முடிக்கப்பட்டது" என்று மாறியது. ஓராண்டு ஒழுங்காக நடந்துவிட்டு வரும்படி வங்கி அதிகாரி சொன்னார். வீட்டுத் தவணை ரூ.26,000 ஆகும், தரும் வாடகையோ ரூ.14,000. வித்தியாசமான ரூ.12,000-ஐ மாதந்தோறும் தொடர் வைப்பில் கட்டத் தொடங்கினார்கள். தவணை கட்டும் பழக்கம் இப்போதே உண்டாகிறது, ஓராண்டில் ரூ.1,44,000 சேர்கிறது. தீர்த்த கடனைவிட அது அதிகம்.

பிரியமானவர்களே, உங்களில் யாருக்கேனும் இப்படியொரு பழைய கணக்கு இருக்குமானால், இம்மாதம் முடியும் முன் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். அறிக்கையை எடுங்கள். உங்கள் வாழ்க்கைத் துணையின் அருகில் அமர்ந்து அதை வாசியுங்கள். மற்றவையெல்லாம் அதன்பின் வரிசையாகச் செய்யக்கூடியவையே.

கர்த்தர் உங்கள் வீடுகளில் சமாதானத்தைக் கட்டளையிடுவாராக.